குன்றின் மேல் பத்தொன்பது பேர்

காத்திருப்பு நேரம் என்ற கட்டத்துக்குள் அந்த எண் அடங்கவில்லை.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில், திரையில் தெரியும் ஒவ்வொரு அழைப்புக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. கூப்பிட்டவர் எத்தனை விநாடியாகக் காத்திருக்கிறார் என்று அது காட்டும். நான்கு, ஏழு, ஒன்பது. பன்னிரண்டைத் தாண்டினால் சிவப்பாகிவிடும். சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் பின்னாலிருந்து நெருங்கும். அன்று மாலை நான்கு மணிக்குப் பதினெட்டாம் மேசைக்கு வந்த அழைப்பில், எண் கட்டத்தை நிரப்பி, கோட்டை மீறி, பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் நீண்டிருந்தது. அழைத்தவரின் நம்பர் இல்லை. இடம் இல்லை. அந்த எண் மட்டும் விநாடிக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டிருந்தது.

"குருவி, இதப் பாரேன். உன் ஸ்கிரீன்லயும் இப்படி வருதா?"

பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். மூச்சுவிடாமல் பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர். "எனக்கு ஒண்ணும் வரலியே அண்ணா. மெஷினுக்கு வயசாயிடுச்சு, உங்கள மாதிரியே. ரெண்டையும் சேத்து மாத்தச் சொல்லி எழுதிப் போடுறேன்."

அவன் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினான். "ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. சொல்லுங்க, எங்க இருக்கீங்க?"

முதலில் காற்றுதான் கேட்டது. தெருவில் நின்று பேசுகிறவர்களின் போனில் மோதும் காற்று இல்லை அது. தடுக்க மரமோ சுவரோ இல்லாத உயரத்தில், புல்லையும் கல்லையும் உரசிக்கொண்டு நெடுந்தூரம் வரும் காற்று. அதற்கு அடியில் சூடான இரும்பு குளிரும்போது எழும் டிக், டிக் என்ற ஓசை. அதற்கும் அடியில், அவசரமில்லாத ஒரு மூச்சு. காதில் அழுந்தியிருந்த ஹெட்போன் பஞ்சிலிருந்து ஈர மண்ணும் வெடிமருந்தும் கலந்த வாசனை வந்ததாக அவனுக்குத் தோன்றியது. வாசனை போனில் வராது என்பது அவனுக்குத் தெரியும்.

"மேலதான் இருக்கோம்டா வயர்லெஸ்" என்றது அந்தக் குரல்.

லைன் அறுந்தது.

அந்த அறையில் அவனை எல்லோரும் பதினெட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வயர்லெஸ் என்று கூப்பிடுகிறவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் இரண்டே பேர். அவர்களில் யாருடைய குரலும் இல்லை இது. கட்டத்தில் ஓடிய எண்ணை அவன் நினைவிலிருந்து காகிதத்தில் எழுதி வகுத்துப் பார்த்தான். ஒன்பது வருடமும் நான்கு மாதமும் வந்தது.

---

ஒன்பது வருடம் நான்கு மாதத்துக்கு முன்னால் அவன் படையில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தான். ஒரு மொட்டைக் குன்றின் அடிவாரத்தில், மண்மூட்டைகளை அடுக்கிய பதுங்குகுழிக்குள் அவன் இடம். உச்சியில் எதிரியின் மெஷின்கன்கள் இரண்டு இருந்தன. விடிவதற்கு முன்னால் கேப்டன் பதினெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு ஏறிப்போய் அவற்றைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் இரண்டாம் கம்பெனி ஏறிவந்து உச்சியைப் பொறுப்பேற்றுக்கொள்ளும். மேஜர் வகுத்த திட்டம் அதுதான்.

புறப்படுவதற்கு முன் கேப்டன் குழிக்குள் குனிந்து பார்த்தார். "மேல போயிட்டா எனக்குக் கண்ணு இருக்கும், காது நீதான்டா. நீ சொல்றத நம்பித்தான் நிப்பேன்."

அந்தத் தாக்குதலில் அவன் எதையும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டான். பூட்ஸ் அடியில் சரளை நழுவுவதைக் கேட்டான். முதல் மெஷின்கன் சடசடத்து நின்றதையும், கேப்டன் இடக்கையில் குண்டு வாங்கியபோது பல்லைக் கடித்ததையும், அந்தக் கையை பெல்ட்டால் மார்போடு சேர்த்துக் கட்டும்போது கொக்கி மாட்டிய சத்தத்தையும் கேட்டான். இரண்டாவது மெஷின்கன்னை நோக்கி யாரையும் அனுப்பாமல் அவர் தனியாகவே பாறையைச் சுற்றிப் போனார். வெடிச்சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூச்சிரைப்பு: சரிவில் விழுந்து கிடந்த ஒருவனை ஒற்றைக் கையால் முதுகில் ஏற்றி அவர் மேலே கொண்டுவந்துகொண்டிருந்தார்.

"பிடிச்சாச்சு" என்றார். "நாலு பேருக்கு அடி. ஆனா பத்தொன்பது பேரும் உயிரோட இருக்கோம். இவனுங்க டீ போட்டு வச்சிருக்கானுங்கடா, இன்னும் சூடு ஆறல. சக்கரையே இல்ல. அதான் தோத்துட்டானுங்க."

குழிக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

அரை மணி நேரத்தில் மூடுபனி இறங்கியது. கேப்டன் மறுபடி பேசினார். "வயர்லெஸ், இந்தப் பக்கத்துலேர்ந்து ஆளுங்க நிறைய ஏறி வர்றானுங்க. பனி இருக்கறப்பவே இறங்கினா எல்லாரும் இறங்கிடலாம். ரெண்டாம் கம்பெனி வருதா, வரலியா? வரலேன்னா கோவிச்சுக்க மாட்டேன். உள்ளதச் சொல்லு."

அவன் திரும்பி மேஜரைப் பார்த்தான். இரண்டாம் கம்பெனி கிளம்பிவிட்டது என்றுதான் அதுவரை அவனும் நம்பிக்கொண்டிருந்தான். மேஜர் அவன் தோளில் கைவைத்து, காதோரம் குனிந்து, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "ரெண்டாம் கம்பெனி அங்க போகாது. மொத்தப் படையும் அந்தப் பக்கக் கணவாய் வழியாத் தாண்டிட்டிருக்கு. எதிரியோட கண்ணு இந்தக் குன்று மேலயே இருக்கணும். வர்றாங்கன்னு சொல்லு."

அவனுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. தோளில் இருந்த கை கனமாக இருந்தது.

"வந்துட்டிருக்காங்க சார்" என்றான். "பாதி வழி வந்துட்டாங்க."

பத்தொன்பது பேரும் நின்றார்கள். பிறகு பதினாறு பேர். பிறகு பதினொன்று. ஆறு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் கேப்டன் அதே கேள்வியைக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவன் அதே பதிலைச் சொன்னான். அவருடைய கடைசிச் சொல் "எல்லாரும் கண்ணத் திறந்து வச்சுக்கங்கடா, நம்ம ஆளுங்கள நீங்களே சுட்டுடாதீங்க" என்பது. அதன்பின் இரைச்சல் மட்டும்தான்.

போரில் வென்றார்கள். நகரத்தின் நாற்சந்தியில் கேப்டனுக்குச் சிலை வைத்தார்கள். "இந்த உச்சியை விட்டு இறங்க மாட்டேன்" என்று அதன் பீடத்தில் பொறித்திருக்கிறது. அப்படி அவர் சொன்னதாக மேஜர் எழுதினார். தன் காதால் கேட்டதாக அவன் கையெழுத்துப் போட்டான். இந்த வேலையையும் மேஜர்தான் வாங்கிக் கொடுத்தார்.

---

மறுநாள் அதே நேரத்துக்கு அழைப்பு வந்தது. வெளியே மழைமேகம் கட்டியிருந்தது. ஜன்னல்கள் நான்கு மணிக்கே கறுத்துவிட்டன. எண் இன்னும் பெரிதாகியிருந்தது. அவன் எடுக்காமல் விட்டான். மற்ற மேசைகளில் குரல்கள் முகவரி கேட்டுக்கொண்டிருந்தன, நாற்காலிச் சக்கரங்கள் கீச்சிட்டன, ஏசி தன்பாட்டுக்கு முனகியது. அவன் கை பொத்தானைத் தொடவே இல்லை. ஆனாலும் காதில் காற்று வீச ஆரம்பித்தது.

"பதினாறு பேர் இருக்கோம்டா. எங்க வந்துட்டாங்க?"

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் வாய் திறந்தான். ஒன்பது வருடமாக எத்தனையோ முறை, பஸ்ஸிலும் படுக்கையிலும், அந்த உண்மையை அவன் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தான். ஆனால் அந்தக் குரலில் கோபம் இல்லை. சந்தேகம்கூட இல்லை.

"வந்துட்டிருக்காங்க சார்."

"சரிடா" என்றார் கேப்டன் நிம்மதியாக. லைன் அறுந்தது.

"யாருண்ணா? வண்டி அனுப்பியாச்சா?" என்று குருவி கேட்டாள்.

அவன் கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, மேஜருக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொன்னான். மறுமுனையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒலியைக் குறைத்தார்கள்.

"உடம்பு சரியில்லாம இருக்கும்பா. ரெண்டு நாள் லீவு போடு."

"சார், நான் எல்லாத்தையும் வெளிய சொல்லிடலாம்னு இருக்கேன்."

மேஜரின் குரல் மிகவும் அன்பாக இருந்தது. "எதச் சொல்லப் போற? அன்னிக்கு நடந்த பேச்சு மொத்தமும் டேப்ல இருக்கு. வர்றாங்க, வர்றாங்கன்னு சொன்னது உன் குரல்தான். என் குரல் அதுல ஒரு இடத்துலகூட இல்ல. யோசிச்சுப் பாரு வயர்லெஸ். பத்தொன்பது பேர ஏமாத்துனது யாரு?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. காதோரம் குனிந்து மெதுவாகப் பேசியது ஏன் என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

---

மூன்றாம் நாள் ஷிப்டுக்கு முன்னால் அவன் கேப்டனின் மனைவியைப் பார்க்கப் போனான். நான்காவது மாடியில் இரண்டு அறை வீடு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் ஒரே ஒரு தடவை அவனிடம், "கடைசியா என்ன சொன்னாரு தம்பி?" என்று கேட்டிருந்தார். பீடத்தில் இருப்பதையே அவன் அப்போதும் சொன்னான். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அந்த அம்மாளின் தலை பாதி நரைத்திருந்தது. வீட்டில் எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தும் உள்ளே சில்லென்று இருந்தது. சாப்பாட்டு மேசை மேல் பழைய மாடல் போன் ஒன்று. அதன் ஒயர் சுவரில் எங்கும் மாட்டப்படாமல் தரையில் சுருண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி. உட்கார்ந்து உட்கார்ந்து அதன் மெத்தை குழிந்திருந்தது.

அவன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். மூடுபனியை, கேப்டனின் கேள்வியை, மேஜரின் கையை, தன் பதிலை. அந்த அம்மாள் அழுவார், அறைவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தான்.

"தெரியும் தம்பி" என்றார் அவர். "அவரே சொன்னாரு."

அவனுக்குப் புரியவில்லை.

"ரெண்டு மாசமா கூப்பிடுறாரு. முதல்ல ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. சாப்பிட்டீங்களான்னு கேட்டேன், வலிக்குதான்னு கேட்டேன். எதுக்கும் பதில் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பக் கேட்டாரு: வர்றாங்கன்னு வயர்லெஸ் சொன்னான், இன்னும் யாரையும் காணோம், அவன் எங்க இருக்கான், லைன் கிடைக்கலன்னு." போனின் மேல் படிந்திருந்த ஈரத்தை அவர் முந்தானையால் துடைத்தார். "நீங்க வேலை பாக்கற இடத்தச் சொல்லிட்டேன். நம்பரையும் குடுத்தேன். அதுக்கப்புறம் அவர் என்கிட்டப் பேசவே இல்ல."

"மேடம்..."

"எனக்கும் முடியல தம்பி. இன்னும் அங்கயே நிக்கறாரு. யாரும் வரப்போறதில்லன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. நீங்க சொன்னா நம்புவாரு. இறங்கச் சொல்லுங்க. இந்த ஒண்ண மட்டும் செஞ்சிடுங்க."

அவர் குரலில் பகை இல்லை. ஆனால் வாசல்வரை வந்து வழியனுப்பியபோது அவன் கண்ணை அவர் பார்க்கவில்லை. அந்த அம்மாள் அவனைக் கேப்டனிடம் ஒப்படைத்துவிட்டார் என்பது படியிறங்கும்போது அவனுக்கு உறைத்தது.

---

அன்று அழைப்பு நான்கு மணிக்கு வரவில்லை. ஐந்துக்கும் வரவில்லை. மழை கொட்டித் தீர்த்தது. சாலைகளில் விபத்துகள் கூடி, எல்லா மேசைகளும் மூச்சுத் திணறின. குருவி செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு, ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, "பயப்படாதீங்க, லைன்லயே இருங்க" என்று யாருக்கோ தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறே காலுக்கு அவன் காதில் காற்று வந்தது.

"பதினோரு பேர்டா" என்றார் கேப்டன். "எங்க வந்துட்டாங்க?"

அவன் இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"யாரும் வரல சார். கம்பெனி கிளம்பவே இல்ல. அன்னிக்கே கிளம்பல. நான் பொய் சொன்னேன். பனி இருக்கறப்பவே இறங்கிடுங்க சார். உங்க வீட்ல காத்துட்டிருக்காங்க. தயவுசெஞ்சு இறங்கிடுங்க."

காற்று. டிக், டிக். தூரத்தில் யாரோ இருமினார்கள்.

பிறகு கேப்டன் சிரித்தார். மெல்ல, அன்பாக.

"யாருடா நீ?"

"சார், நான்தான் சார். வயர்லெஸ்."

"குரல் அவனோடதுதான். ஆனா என் வயர்லெஸ் பொய் சொல்ல மாட்டான்." அவர் யாரிடமோ திரும்பிச் சொன்னது கேட்டது. "டேய், எதிரி நம்ம லைனுக்குள்ள பூந்துட்டான். நம்மள இறக்கப் பாக்கறான்." மறுபடி அருகில் வந்தார். "நேத்துகூட வர்றாங்கன்னு அவன் சொன்னான். அப்ப வர்றாங்க. பனியில வழி தெரியாம எங்கயோ நிக்கறாங்க. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சார், வேண்டாம் சார்!"

இரைச்சல்.

அவன் ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். கட்டுப்பாட்டு அறை மூன்றாவது மாடியில் இருந்தது. அதற்கு மேல் மொட்டை மாடி மட்டும்தான். அங்கே போகும் படிக்கட்டின் இரும்புக் கதவை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார்கள். அந்தக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நிதானமாக, துரு உரச.

பிறகு பூட்ஸ்.

மேலிருந்து கீழே. படி படியாக. சரளை நழுவும் ஓசையோடு. அந்தப் படிகளில் சரளை கிடையாது.

அவன் சுற்றிலும் பார்த்தான். யாரும் தலை தூக்கவில்லை. எல்லாத் திரைகளும் வெறுமையாக இருந்தன. ஆனாலும் எல்லோரும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். குருவி பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து அவன் பார்த்ததே இல்லை.

கண்ணாடிக் கதவு பனி படர்ந்து வெளுத்தது. அறைக்குள் குளிர் நுழைந்தது. ஈர மண். வெடிமருந்து. சர்க்கரை போடாத டீயின் கசப்பு வாசனை.

கேப்டன் உள்ளே வந்தார்.

அழுகிய முகத்தை எதிர்பார்த்திருந்தான். எலும்பை எதிர்பார்த்திருந்தான். வந்தது முப்பத்தொரு வயது முகம், மூன்று நாள் தாடியில் பனித்துளிகள், மார்போடு பெல்ட்டால் கட்டிய இடக்கை. பின்னால் கதவை அடைத்துக்கொண்டு நிழல்கள். பதினொன்று இல்லை. எல்லோரும் வந்திருந்தார்கள்.

"அடேய்" என்றார் கேப்டன். முகமெல்லாம் மகிழ்ச்சி. "தலை நரைக்க ஆரம்பிச்சுடுச்சே உனக்கு."

அவனால் அசைய முடியவில்லை.

கேப்டன் அவனைத் தாண்டி மேசை வரிசைகளைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக. நேரம் எடுத்து. ஓர் அதிகாரி தன் ஆட்களைப் பார்ப்பதுபோல.

"இவங்கதானா ரெண்டாம் கம்பெனி?"

"இல்ல சார். இவங்க யாரும் இல்ல. இவங்க போன் எடுக்கறவங்க. சார், இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"கொஞ்சம் சின்னப் பசங்களா இருக்காங்க. பரவால்ல." அவர் வலக்கை அவன் கன்னத்தைத் தட்டியது. பாறையின் குளிர். "கடைசியில கொண்டுவந்து சேத்துட்டடா. எனக்குத் தெரியும்."

நாற்காலிகள் பின்னுக்கு நகர்ந்தன. எல்லாம் ஒன்றாக.

எழுந்தார்கள். ஹெட்போன்களைக் கழற்றி வைத்தார்கள். சூப்பர்வைசர் கண்ணாடியை மடித்துப் பைக்குள் போட்டாள். ஒருவர் தோளில் மற்றவர் கைவைத்து வரிசையானார்கள். இருட்டில் மலை ஏறுகிறவர்கள் அப்படித்தான் போவார்கள். அவர்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அவன் பாய்ந்து குருவியின் கையைப் பிடித்து இழுத்தான். மணிக்கட்டு ஈரமாக, ஜில்லென்று இருந்தது. "குருவி! போகாத! இங்க பாரு, என்னப் பாரு!"

அவள் திரும்பினாள். அதே கண்கள். அதே படபடப்பான குரல்.

"வந்துட்டிருக்கோம்னு நீங்கதானே அண்ணா சொல்லியிருக்கீங்க."

கையை விடுவித்துக்கொண்டு வரிசையில் சேர்ந்தாள். வரிசை படியேறியது. அவன் பின்னால் ஓடினான். தடுக்கி விழுந்தான். எழுந்தான். இரும்புக் கதவுவரை போய்விட்டான்.

கதவுக்கு அப்பால் மொட்டை மாடி இல்லை. தண்ணீர்த் தொட்டி இல்லை. நகரத்தின் விளக்குகள் இல்லை. ஈரக் கல்லும் கருகிய புல்லுமாக ஒரு சரிவு மேலே மேலே போய்ப் பனிக்குள் மறைந்தது. அதில் அவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அடையாள அட்டைகள் கழுத்தில் ஆடின.

உச்சியில் மெஷின்கன் சடசடத்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு கணம் எல்லோரும் தெரிந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் மடங்கி விழுந்தார்கள். விழுந்தவர்களின் முதுகில் வெறுங்காலை ஊன்றி, குருவி அடுத்த பாறையைப் பிடித்து ஏறினாள்.